பொற்கொடி இளைத்த வருஷம்

நீங்களும் அந்த எளைக்கிற ஊசிக்குத்தானே வந்திருக்கீங்க? எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. நீங்க உக்காந்ததும் இந்த பெஞ்சு முனகுச்சே. சரி சரி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. மனசுல ஒண்ணு வாயில ஒண்ணுன்னு எனக்குப் பேச வராது. நல்லா சாஞ்சு உக்காருங்க, நான் தள்ளிக்கிறேன். எனக்கு இம்புட்டு இடம் போதும்.

டோக்கன் எத்தனை? பதினாலா? அப்ப நெறைய நேரமிருக்கு. இப்ப உள்ள இருக்கறது எங்க ஆளுதான். என் கொழுந்தன் பொண்டாட்டி, பொற்கொடி. அவ புருஷன் முத்துராசுவும் கூட இருக்கான். நானும்தான் உள்ள போனேன். "கூட்டம் வேண்டாம், நீங்க வெளிய இருங்கம்மா"ன்னுட்டாரு டாக்டர். ஒரு ஆளு எப்படிங்க கூட்டம்? அவ ஒருத்தியே ஒரு கூட்டம்.

வெளியூரா நீங்க? எந்த ஊரு, போடியா! அம்புட்டு தூரத்துல இருந்தா இந்த ஊசிக்கு வந்தீங்க? சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. அது வேண்டாம். காலையில எந்திரிச்சு நடங்க, சோத்தக் கொறைங்க, வாயக் கட்டுங்க. அதுதான் நிக்கும். ஊசியில எளைச்சது ஊசியோட போயிரும். எங்க வீட்டுலயே கண்ணால பாத்தவ நான். கேளுங்க, சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க.

எங்களுக்கு இங்கயே வில்லாபுரம். மேல நாங்க, கீழ கொழுந்தன் குடும்பம். நான் மூத்த மருமக. கல்யாணமாகி வந்தப்ப எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கேன் பாருங்க. அன்னைக்குத் தச்ச ஜாக்கெட்டு இன்னைக்கும் சேரும். சும்மா வந்துச்சா? இனிப்ப நாக்குல வச்சு எத்தனையோ வருஷமாச்சு. என் மகன் பிறந்தநாள் கேக்கைக்கூட மோந்து பாத்துட்டு வச்சிருவேன். பார்க்குல வந்து செண்பகம் அக்கான்னு கேட்டுப் பாருங்க, தெரியாத ஆளு கெடையாது. காலையில அத்தனை பொம்பளைங்களும் என் பின்னாடிதான் நடப்பாங்க. நான் நின்னா நிப்பாங்க. எங்க வீட்டுக்காரரு என் உடம்பப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. கொறை இருந்தாத்தானே சொல்லுவாரு.

அவ இளைய மருமகளா வந்தா. பேரு பொற்கொடி. கொடியாம்! நான் பந்தலுன்னுதான் கூப்பிடுவேன். செல்லமாத்தான். "பந்தலு, காப்பி போட்டியா." "பந்தலு, ஜன்னல் பக்கம் நிக்காத, வெளிச்சம் வரல." அவளும் சிரிப்பா. வீட்டுக்கு யாரு வந்தாலும் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாப்பாங்க. எங்க மாமியார் இருந்த வரைக்கும் அதப் பேசாம ஒரு விசேஷம் போகாது. போட்டோ எடுத்தா அவ ஓரமா ஒதுங்கப் பாப்பா. நான் விட மாட்டேன், இழுத்து என் பக்கத்துலயே நிப்பாட்டுவேன். குடும்பம்னா அப்படித்தானே.

நல்லவதான். அதச் சொல்லாம இருக்கக் கூடாது. ஒரு பிரைவேட் ஸ்கூல்ல ஆபீஸ் வேலை. காலையில போனா சாயங்காலம்தான் வருவா. அவ வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்டயே இருக்கும். எனக்கு டைபாய்டு வந்து படுத்தப்ப லீவு போட்டுட்டு வந்து கஞ்சி ஊட்டுனா. படியேறி வந்து ஊட்டும்போது அவளுக்கு மூச்சு வாங்கும். "எனக்கு நன்றி சொல்லு, என்னால ரெண்டு கிலோ கொறைஞ்சிருப்ப"ன்னேன். அப்பவும் சிரிச்சா.

அவளுக்குச் சுகர் வந்துருச்சு. நாப்பதுகூட ஆகல அப்ப. முட்டி வலி வேற. நான் சும்மா விட்டேனா? பார்க்குக்கு இழுத்துட்டுப் போனேன். எல்லாருக்கும் முன்னாடி நடக்க விட்டேன், பின்னாடி விட்டா ஏமாத்துவா. "நம்ம பஸ்ஸு கிளம்பிருச்சு, ஏறுங்கடி"ம்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. அது ஒரு ஊக்கம்தானே? ஒரு வாரம் வந்தா. அப்புறம் முட்டி வலின்னா, ஸ்கூல்ல வேலைன்னா, வரல. மனசுல உறுதி இல்லாதவங்களுக்கு எதைச் சொல்லி என்ன?

அப்புறம் பாத்தா, ஆளு எளைக்கிறா. மொதல்ல கழுத்து தெரிஞ்சுது. அவளுக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு அப்பத்தான் தெரியும். அப்புறம் கன்னம் வத்துச்சு. நைட்டி தொங்குச்சு. ஏதோ பெரிய நோவுதான்னு நெனைச்சேன். பாவம், போகப் போறா போலன்னு கொஞ்ச நாள் அவகிட்டத் தன்மையாக்கூட இருந்தேன். பந்தலுன்னு கூப்பிடல. ஒரு நாள் கறிவேப்பிலை எடுக்கக் கீழ போயி அவ ஃப்ரிட்ஜத் தொறந்தா, கதவு ஓரத்துல ஒரு அட்டை டப்பா. உள்ள பேனா மாதிரி ஒண்ணு. என்னடி இதுன்னு கேட்டேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"ஊசிக்கா, சுகருக்கு டாக்டர் போடச் சொன்னாரு. வாரம் ஒரு தடவ. வாழ்க்கையில மொதத் தடவையா பசி அடங்கியிருக்குக்கா. யார்கிட்டயும் சொல்லிராதீங்க. கேலி பண்ணுவாங்க."

யாரு கேலி பண்ணப் போறா? வீட்டுல நான்தானே இருக்கேன்!

நியாயத்தச் சொல்லுங்க. நான் எத்தனை வருஷமா வாயக் கட்டி, வயித்தக் கட்டி, மழைன்னு பாக்காம, காச்சல்னு பாக்காம நடந்து வச்சிருக்கற உடம்பு இது. அவ வயித்துல ஒரு சொடுக்கு, முடிஞ்சுது. இருந்தாலும் நான் சொல்லல. என் மகன் கல்யாணம் வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

கல்யாணத்துக்கு மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கிட்டு வந்தா. நான் மாப்பிள்ளையோட அம்மா, பாத்துப் பாத்து எடுத்த அரக்குப் பட்டு. வாசல்ல ரெண்டு பேரும் நின்னு எல்லாரையும் வாங்க வாங்கங்கறோம். பொண்ணோட சித்தி நேரா அவகிட்டப் போயி கையப் புடிச்சுக்கிட்டு, "நீங்க மாப்பிள்ளைக்கு அக்காவா?"ன்னு கேக்குது. இவ மாப்பிள்ளைக்குச் சித்தின்னு சொன்னா நம்பவே மாட்டேங்குது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு உடம்புக்கு முடியலையா சம்பந்தி, ரொம்ப வாடித் தெரியுறீங்களே"ங்குது. ஒல்லியா இருக்கறவங்களக் கண்டா சில பேருக்கு இப்படி ஒரு வயித்தெரிச்சல். அதக்கூட விட்டுட்டேன். மேடையில போட்டோவுக்கு நிக்கறப்ப எங்க வீட்டுக்காரரு என் காதோரம் குனிஞ்சாரு. "கொடி எப்படி இருக்கு பாத்தியா"ன்னாரு. அன்னைக்குப் பூரா அவரு என்கிட்டப் பேசுன பேச்சு அது ஒண்ணுதான்.

மத்தியானப் பந்தியில அவள சம்பந்தி வீட்டு ஆளுங்களுக்கு நடுவுல உக்கார வச்சேன். நானே பரிமாறுனேன். வடை, கூட்டு, பொரியல், சோத்து மேல சோறு, அதுக்கு மேல நெய். "போதும்க்கா"ன்னு கையால இலைய மறைச்சா.

"கைய எடு. மாப்பிள்ளை வீட்டு ஆளே இலையில மிச்சம் வச்சா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? என் மகன் கல்யாணச் சோறு உனக்கு எறங்கலையா?"

எல்லாரும் பாக்குறாங்க. என்ன செய்வா, சாப்பிட்டா. நானும் நகரல. பாயசம் ரெண்டாந்தடவ ஊத்துனப்ப அவ கண்ணுல தண்ணி நிக்குது. எந்திரிச்சா. கை கழுவுற இடம் வரைக்கும் போக முடியல. அந்த மாம்பழக் கலர் பட்டுலயே வாந்தி எடுத்துட்டா.

ஆளாளுக்குப் பதறி ஓடி வர்றாங்க. நான்தான் சொன்னேன், "பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல. உடம்பு எளைக்க ஊசி போட்டுக்குறா, அதான் சோறு தங்க மாட்டேங்குது." மைக்கு இல்ல. எனக்கு மைக்கு தேவையுமில்ல. கடைசி வரிசையில அப்பளம் நொறுக்கிக்கிட்டு இருந்தவன்கூட நிமிந்து பாத்தான். பொண்ணோட சித்தி அவளுக்குன்னு எடுத்துட்டு வந்த தண்ணிய அப்படியே மேசையில வச்சுட்டுப் போயிருச்சு. நான் பொய்யா சொன்னேன்? உள்ளதத்தானே சொன்னேன்.

முத்துராசுக்குக் கோபம். அவன் என்கிட்டப் பேசுறதையே நிறுத்திட்டான். அவதான் அவன சமாதானம் பண்ணா. "அக்கா பதட்டத்துல சொல்லிட்டாங்க, விடுங்க"ன்னு சொன்னது மாடிப்படியில நின்ன எனக்குக் கேட்டுச்சு. பதட்டமா? எனக்கென்ன பதட்டம்?

அத்தோட ஊசிய விட்டுருவான்னு பாத்தேன். நானா இருந்தா மண்டபத்துலயே உசுர விட்டிருப்பேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? அடுத்த வாரம் ஷூவ மாட்டிக்கிட்டு பார்க்குல வந்து நிக்குறா! "எல்லாருக்கும் தெரிஞ்சது நல்லதாப் போச்சுக்கா, இனிமே மறைக்க வேண்டியதில்ல. ஊசி மட்டும் பத்தாது, நடக்கணும், வெயிட்டு தூக்கணும், முட்டை பருப்பு சேத்துக்கணும்னு டாக்டர் சொல்றாரு. முட்டி வலி கொறைஞ்சதுனால இப்ப என்னால நடக்க முடியுதுக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. ரெண்டும் வேணுமாம் அம்மாவுக்கு! ஊசியும் வேணுமாம், கட்டுப்பாடும் வேணுமாம். ஒண்ணு அந்தப் பக்கம் நில்லு, இல்ல இந்தப் பக்கம் நில்லு. ரெண்டுலயும் கால வச்சா நான் எதுக்கு?

நடந்தா. மொதல்ல என் பின்னாடி நடந்தா. அப்புறம் பக்கத்துல. ஒரு நாள் பேசிக்கிட்டே என்னத் தாண்டிட்டா, தாண்டுனது அவளுக்கே தெரியல. கொஞ்ச தூரம் போயித் திரும்பிப் பாத்து, "என்னக்கா, கால் வலிக்குதா?"ங்குறா. பொம்பளைங்க அத்தனை பேரும் அவகூடச் சேந்துட்டாங்க. தண்ணி பாட்டில்ல மண்ண ரொப்பி எப்படித் தூக்கறதுன்னு சொல்லிக் குடுக்குறா, இவளுங்களும் சின்னப் பிள்ளைங்க மாதிரி தூக்குறாளுங்க. என் பின்னாடி வந்தது ஒரு நாய் மட்டும்தான்.

என்ன? அப்ப நல்லாத்தானே ஆகிட்டாங்கன்னா? முழுசாக் கேளுங்க. எங்க நின்னுச்சு அது? அடுத்த மழைக்காலம் வந்துச்சு, ஏற ஆரம்பிச்சுருச்சு. மொதல்ல கன்னம். அப்புறம் கழுத்து போச்சு. மாம்பழக் கலர் ஜாக்கெட்டு கையே நுழையல.

ஒரு ஞாயித்துக்கெழம மேல வந்து என் அடுப்படியில உக்காந்து அழுதா. "பசி தாங்கலக்கா. ஸ்கூல்ல யாராவது டிபன் பாக்ஸத் தொறந்தா என் கண்ணு அங்கயே போயிருது. ஒரு வாரம்கூட ஊசி தவறல. நடக்காம இருக்கல. அப்படியும் ஏறுது. மருந்து மேல தப்பில்லக்கா, என் உடம்புதான் ஆகாத உடம்பு."

தலையத் தடவிக் குடுத்தேன். "ஆமாடி, சில உடம்பு அப்படித்தான். இப்ப டாக்டர்கிட்டப் போனா கண்டதத் தின்னேன்னு உன்னத்தான் ஏசுவாரு. போகாத"ன்னேன். போகல. ஊசியிலேயே சுகர் கட்டுல இருக்குன்னு மாத்திரையெல்லாம் கொறைச்சிருந்தாரு அவரு. இவ அந்தக் கொறைச்ச மாத்திரையோடயே இருந்துட்டா. பார்க்குல பொம்பளைங்க மொகத்துல முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு, கூட்டம் போனப்புறம் வந்து தனியா நடப்பா. நான் மட்டும்தான் அவகூட இருந்தேன். நான் கைவிடல, பாத்துக்கங்க. கூழாங்கல் பதிச்ச பாதை ஒண்ணு இருக்கு அங்க. "ஷூவக் கழட்டு, வெறுங்காலோட நட, அப்பத்தான் ஒடம்பு ஒழுங்குக்கு வரும்"னு நடக்க வச்சேன். வலிக்குதுக்கான்னா. வலிச்சாத்தான் கரையும்னேன்.

கால்ல ஒரு சின்னக் கீறல். சுகர்காரிக்குத் தெரியலையாம், விரல் பக்கம் மரத்துப் போயிருக்காம். சீழ் வச்சு, வாடை வந்து, பெரியாஸ்பத்திரி வரைக்கும் போயிருச்சு. சுண்டு விரல எடுத்துட்டாங்க. சுண்டு விரல்தானே, அதை வச்சு என்ன ஆகப் போகுது? "பரவாயில்ல, அதுலயும் கொஞ்சம் எடை கொறைஞ்சுதுல்ல"ன்னேன், அவ மனச லேசாக்கத்தான். முத்துராசு எந்திரிச்சு வெளிய போயிட்டான். அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. இப்பல்லாம் சிரிக்கறதே இல்ல.

விரல் போனப்புறம்தான் மறுபடி இங்க வந்தா. இந்த டாக்டர் மண்டையப் போட்டு ஒடைச்சுக்கறாரு. இவ்வளவு நல்லா வேலை செஞ்ச மருந்து எப்படித் திடீர்னு கைவிட்டுச்சுன்னு அவருக்கே புரியல. டோஸ ஏத்திப் பாத்துட்டாரு, அப்பவும் ஒண்ணும் ஆகல. இனிமே வயித்த வெட்டித் தைக்கற ஆபரேஷன்தான்னு போன வாரம் சொல்லிட்டாரு. இவ இருக்கற நிலைமைக்கு அதுல ஆபத்தும் இருக்குன்னு அவரே சொன்னாரு. இன்னைக்கு உள்ள அதத்தான் பேசி முடிவு பண்றாங்க. பாத்தீங்களா? ஊசி நிக்காதுன்னு நான் சொன்னது சரியாப் போச்சா?

என்னங்க முணுமுணுக்கறீங்க? சத்தமாச் சொல்லுங்க. நிறுத்துனாத்தானே ஏறும், போட்டுக்கிட்டு இருக்கும்போதே எப்படி இப்படி ஏறும்னா? யாரு சொன்னா உங்களுக்கு? உங்க ஊரு டாக்டரா? இல்ல, நிறுத்தல. சொன்னேன்ல, ஒரு வாரம்கூடத் தவறல. இல்லங்க, கண்டதத் திங்கவும் இல்ல. அட, விட மாட்டேங்கறீங்களே. நான் சொல்றது பொய்யின்னு நெனைக்கறீங்களா?

கிட்ட வாங்க. நீங்க போடிக்காரவுக, இன்னொரு தடவ என்னப் பாக்கப் போறதில்ல. அதனால சொல்றேன்.

அந்த மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அவங்க குடும்பத்தோட திருச்செந்தூர் போனாங்க. சாவியக் குடுக்கறப்ப அவதான் சொன்னா. "அக்கா, கரண்டு போனா மட்டும் அந்த டப்பாவக் கொஞ்சம் பாத்துக்கங்க. தப்பித் தவறி ஃப்ரீஸர்ல வச்சுராதீங்க, ஒறைஞ்சா மருந்து வீணாப் போயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு." அவ சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியப் போகுது? அன்னைக்கு மத்தியானமே எடுத்து ஐஸ்கட்டித் தட்டுக்குப் பக்கத்துல வச்சேன். அவங்க வர்றதுக்குள்ள எடுத்துப் பழைய இடத்துலயே வச்சுட்டேன். பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. அதுக்கப்புறம் எப்பப் புதுசு வாங்கிட்டு வந்தாலும், அவ ஸ்கூலுக்குப் போனதும் கீழ எறங்கிப் போயி ஒறைய வச்சு, அவ வர்றதுக்குள்ள எடுத்து வச்சிருவேன். ஒரு தடவ கூட விடல. ஒரு காரியத்தக் கையில எடுத்தா தொடர்ந்து செய்யணும்ங்க. அதத்தான் நான் கட்டுப்பாடுங்கறேன். இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு அது?

அப்படிப் பாக்காதீங்க. நான் என்ன விஷத்தையா வச்சேன்? கெட்டுப் போனா அது வெறும் தண்ணிதானே. ஊசி இல்லாம இவ உடம்பு நிக்குதான்னு பாக்கணும்னு நெனைச்சேன். நிக்கல. எத்தனை வருஷமா நான் சொல்றேன், எல்லாரும் அவ பின்னாடியே போனாங்களே, இப்ப யாரு சொன்னது சரி? நீங்களே சொல்லுங்க.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? பாத்ரூம் அந்தப் பக்கம். தண்ணி வேணுமா? உக்காருங்க, நான் எடுத்துட்டு வாரேன். அங்க ஏன் போறீங்க, அது டாக்டர் ரூமு. உங்க நம்பர் வரலையே இன்னும். ஏங்க, நில்லுங்க. இந்த உடம்ப வச்சுக்கிட்டு இம்புட்டு வேகமா நடப்பீங்களா நீங்க? நில்லுங்கன்னு சொல்றேன்ல. நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேங்க, பொழுது போகணுமேன்னு சொன்னேன். நர்சம்மா, அவங்கள உள்ள விடாதீங்க, நம்பர் வரல அவங்களுக்கு! உங்க நல்லதுக்குத்தானே இவ்வளவும் சொன்னேன், உங்ககிட்ட நான் என்ன கேட்டேன், பேருகூடக் கேக்கலையே. கதவத் தட்டாதீங்கம்மா. உங்க கையப் புடிச்சுக் கேக்கறேன். அவ ஏற்கெனவே நொந்து போயிருக்கா, இத வேற கேட்டா தாங்க மாட்டா.

முத்துராசு, ஒண்ணுமில்லப்பா, நீ உள்ள போ. ஆளு மாறி வந்துட்டாங்க. டாக்டர், இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது.

கொடி... கொடி, அந்தம்மா சொல்றத நம்பாத. அது யாரோ. நான் உன் அக்கா.